நோயாளிக்கு எதற்கு ரேங்க்?

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பூச்சோங்கிலும் நீரிழிவு ஆதரவுக் குழுக்களை நடத்திவரும் நிர்வாகிகளே, அந்தக் குழுக்களில் சேர்ந்தும் இதுவரை ஒரு வரிகூட எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருக்கும் நண்பர்களே!

இன்சுலின் கண்டுபிடிப்புக்குக் காரணமானவர்களில் ஒருவரான பிரெடெரிக் பேண்டிங் பிறந்த நாள் நவம்பர் 14. அதைத்தான் உலக நீரிழிவு நாள் என்று கொண்டாடுகிறோம். கொண்டாடுகிறோம் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வு என்ன சொன்னது? மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. எல்லா இனத்தாரையும் பின்னுக்குத் தள்ளி நாம்தான் முதலிடம். தயவுசெய்து யாரும் கைதட்டிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் அதே ஆய்வு சொன்னது. நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் எத்தனையோ பேர் வெளியே சொல்வதில்லை. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள், முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். இப்படி மறைத்து வாழ்ந்த மக்களைக் கைப்பேசிக்குள் ஒன்று சேர்த்து, "உங்களுக்கும் கால் எரியுதா? எனக்கும்தான்" என்று ஒருவருக்கொருவர் பேச வைத்தவை உங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுக்கள். டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொன்னதை அரை மணி நேரம் பொறுமையாக விளக்கியவர் அந்தக் குழுவில் இருந்த ஓர் அண்ணன். இன்சுலின் ஊசி போடப் பயந்தவருக்குத் தைரியம் சொன்னவர் ஓர் அக்கா. அந்தத் தொண்டுக்குத் தலைவணங்கிவிட்டுத்தான் என் வழக்கை ஆரம்பிக்கிறேன்.

என் வழக்கு ஒரு பட்டியலின் மீது.

காலை ஆறரை மணி. சமையல்கட்டு மேசையில் குளுக்கோமீட்டர். விரலைக் குத்தி, சொட்டு ரத்தம் விட்டு, எண் வந்ததும் கைப்பேசியில் ஒரு படம். படம் குழுவுக்குப் போகிறது. ஒன்பது மணிக்கு நிர்வாகி அன்றைய பட்டியலைப் போடுகிறார். 5.2 காட்டியவருக்குத் தங்கக் கோப்பை. 5.6க்கு வெள்ளிப் பதக்கம். இப்படியே இறங்கி இறங்கி, கடைசியில் 13.4 காட்டிய அக்காவுக்கு ஓர் அழும் முகம். அதன் கீழே வரிசையாக அறிவுரை. "அக்கா, ராத்திரி சோறு சாப்பிட்டீங்களா?" "மனக்கட்டுப்பாடு வேணும்கா." "வெந்தயத்த ஊறவச்சிக் குடிங்கக்கா, எனக்கு ஒரே வாரத்துல எறங்கிடுச்சி."

அந்த அக்கா அடுத்து என்ன செய்வார்? இரவில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பார். காலையில் எண் கூடுதலாக வந்தால் இன்னொரு விரலைக் குத்துவார். அதுவும் சரிவராவிட்டால் போன வாரத்துப் படத்தையே மறுபடி அனுப்புவார். கடைசியில் ஒரு நாள் குழுவை விட்டே போய்விடுவார். முன்பெல்லாம் "இன்னார் வெளியேறினார்" என்று ஒரு வரியாவது வரும். 2022இல் வாட்ஸ்அப் நிறுவனம் அதையும் மாற்றிவிட்டது. இப்போது நிர்வாகிக்கு மட்டும் தெரியும்படி சத்தமில்லாமல் நழுவிவிடலாம். மறுநாள் பட்டியல் வழக்கம்போல் ஒன்பது மணிக்கு வரும். 13.4 அதில் இருக்காது. "நம்ம குழுவோட சராசரி எறங்கிடுச்சி" என்று எல்லாரும் மகிழ்வார்கள்!

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? யுபிஎஸ்ஆர் தேர்வு முடிவு வந்ததும் நம் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக 7ஏ, 8ஏ எடுத்த பிள்ளைகளின் படம் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். படம் வராத பிள்ளை அன்றைக்கு எங்கே ஒளிந்துகொண்டது என்று யார் கேட்டோம்? 2021இல் கல்வி அமைச்சு அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று நாடு விட்டுவிட்ட தேர்வை, அறுபது வயது அக்காவுக்கு நாம் தினமும் காலையில் வெறும் வயிற்றில் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

"போட்டி இருந்தால்தானே ஐயா ஊக்கம் வரும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

முதலில், அந்த எண் எதைச் சொல்கிறது? ஒருவர் "எனக்கு 8" என்று எழுதுகிறார். காலை வெறும் வயிற்றில் 8 என்றால், சென்னைக் காணொளிகளில் சொல்லும் கணக்கில் 144. அவர்கள் மில்லிகிராமில் சொல்கிறார்கள், நாம் மில்லிமோலில் சொல்கிறோம், 18ஆல் பெருக்க வேண்டும். அதே 8, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்றால், அவருடைய சர்க்கரை நாள் முழுக்கச் சராசரியாக 10க்கு மேல் ஓடியிருக்கிறது. எழுதியது ஒரே எண், நிலைமை வேறு வேறு. ரத்தசோகை உள்ளவருக்கும் தலசீமியா உள்ளவருக்கும் டயாலிசிஸ் செய்பவருக்கும் இந்த எச்பிஏ1சி உண்மையைக் காட்டாமலும் போகலாம். இத்தனையையும் ஒரே பட்டியலில் அடுக்கி முதலிடம், கடைசி இடம் என்று பிரிப்பது என்ன கணக்கு?

போர்ட் கிள்ளானில் இரவு முழுக்க ஜாகா எனும் காவல் வேலை பார்த்துவிட்டு வரும் ஓர் அண்ணனுக்குக் காலை ஏழு மணிதான் சாப்பாட்டு நேரம். அவருக்கு ஏது வெறும் வயிற்று எண்? அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி மருந்து வாங்கும் குடும்பத்துக்கு, தினம் இரண்டு வேளை குத்திப் பார்க்கும் சோதனைத் தாள் சொந்தக் காசு. கையில் சென்சார் ஒட்டிக்கொள்ள வசதி உள்ளவர் நாளெல்லாம் எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடலாம். பட்டியலில் மேலே இருப்பது பல நேரங்களில் கட்டுப்பாடு மட்டுமில்லை. பணமும் ஓய்வும் பகல் வேலையும் சேர்ந்துதான் அங்கே உட்கார்ந்திருக்கின்றன.

அடுத்து, எண் குறைந்தால் போதுமா? மேடையில் இருக்கும் டாக்டர்களுக்கு அக்கார்ட் ஆய்வு நினைவிருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 நீரிழிவு நோயாளிகள். ஒரு பிரிவினரின் எச்பிஏ1சியை 6க்குக் கீழே இறக்கத் தீவிரச் சிகிச்சை, மறு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிரச் சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஏன்? வழக்கமான பிரிவில் 203 பேர் இறந்திருந்தார்கள், தீவிரப் பிரிவில் 257 பேர். தேர்ந்த மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பிலேயே, எல்லாருக்கும் ஒரே இலக்கு என்று எண்ணைத் துரத்தியதில் ஆபத்து வந்தது. நம் அக்கா தங்கக் கோப்பைக்காகத் தனியாக வீட்டில் பட்டினி கிடந்து, சர்க்கரை 4க்குக் கீழே இறங்கி மயங்கி விழுந்தால், பட்டியல் போட்டவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாரா?

இன்னொரு வகை ரேங்க் இருக்கிறது. இது நோயின் எண்ணுக்குக் கிடைப்பதில்லை, பேச்சுக்குக் கிடைப்பது. முகநூல் குழுக்களில் அதிகம் எழுதுபவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பட்டை வந்து ஒட்டிக்கொள்கிறது, சிறந்த பங்களிப்பாளர் என்று. தமிழர்கள் ரத்தப் பரிசோதனை அறிக்கையை இணையத்தில் விரித்துவைத்து ஆலோசனை கேட்கப் பழகியதில், நியாண்டர் செல்வன் நடத்திய 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற பேலியோ முகநூல் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த உணவுமுறை சரியா, தவறா என்பது டாக்டர்கள் பேச வேண்டியது. நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் சேர்ந்திருக்கும் எந்தக் குழுவிலும், பட்டை வாங்கியவர் அதிகம் தெரிந்தவரா, அதிகம் எழுதியவரா? புதிதாக வரும் ஒருவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

நட்சத்திரமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எதற்கு நட்சத்திரம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 2004இல் அமெரிக்காவில் பேஷண்ட்ஸ்லைக்மீ என்ற நோயாளிகள் வலைத்தள நிறுவனம் தொடங்கியது. ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயால் தசை தசையாகச் செயலிழந்துகொண்டிருந்த தங்கள் சகோதரருக்காக ஹேவுட் சகோதரர்கள் தொடங்கியது. அங்கேயும் நட்சத்திரம் கொடுத்தார்கள். யாருக்கு? தன் நிலைமையை முழுமையாக, விடாமல் பதிவு செய்பவருக்கு. நோய் முற்றிக்கொண்டே போனாலும் உண்மையைப் பதிந்தால் நட்சத்திரம் அவருக்குத்தான்.

அதற்குப் பலன் என்ன தெரியுமா? 2008இல் லித்தியம் கொடுத்தால் ஏ.எல்.எஸ். மெதுவாகிறது என்று இத்தாலியில் இருந்து ஒரு சிறிய ஆய்வு வந்தது. உயிருக்குப் போராடுகிறவர்கள் காத்திருப்பார்களா? டாக்டரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் தங்கள் நிலைமையைத் தளத்தில் பதிந்துகொண்டே வந்தார்கள். அப்படிப் பதிந்த 149 பேரின் கணக்கை மற்றவர்களோடு ஒப்பிட்டு, 2011இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் வெளியிட்டார்கள். லித்தியத்தால் பலன் இல்லை. ஆசையோடு சாப்பிட்டவர்களே, கசந்தாலும் மறைக்காமல் பதிந்ததால் வந்த தீர்ப்பு அது. பட்டியலில் மேலே வரவேண்டும் என்று அவர்கள் எண்ணைக் கூட்டிக் குறைத்து எழுதியிருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்குமா? நம் வெந்தயத்துக்கும் பாகற்காய்ச் சாற்றுக்கும் இப்படி ஒரு கணக்கை எந்தக் குழுவாவது வைத்திருக்கிறதா?

இன்னும் பழைய பாடம் ஒன்று உண்டு. 1935இல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில், குடியை விடத் துடித்த இரண்டு பேர் சந்தித்ததில் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். நம் கோலாலம்பூரிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கேயும் பல கூட்டங்களில் வில்லை கொடுப்பது உண்டு. ஆனால் அந்த வில்லை, பக்கத்தில் இருப்பவரைவிட நீ மேல் என்று சொல்வதில்லை. குடிக்காமல் இத்தனை காலம் கடந்தாய் என்று அவரவர் கணக்கை மட்டும் சொல்லும். முதல் நாள் வந்தவருக்கும் ஒரு வில்லை உண்டு. பத்து வருடம் தாங்கிவிட்டு மறுபடி விழுந்தவர் திரும்பி வந்தால், முதல் வில்லையை மறுபடி கையில் கொடுத்து உட்கார வைப்பார்கள். ஊருக்குப் பெயரும் சொல்ல வேண்டியதில்லை. விழுந்தவன் திரும்பி வருவதற்கு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

"கோவிட் காலத்தில் மைசெஜாத்ரா செயலி நம்மை நிறம் பார்த்துப் பிரிக்கவில்லையா? அப்போது ஒத்துக்கொண்டோமே?" என்று கேட்கலாம். ஒத்துக்கொண்டோம். அது தொற்றுநோய். ஒருவரைக் கடைவாசலில் நிறுத்தியது உள்ளே இருந்தவரைக் காப்பாற்ற. நீரிழிவு யாருக்கும் தொற்றாது. 13.4ஐ ஊரறியச் செய்வதால் 5.2க்கு என்ன பாதுகாப்பு? அதே கோவிட் காலத்தில், 2021 ஜூலையில், சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் உதவி கேட்டு வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். அரிசியும் முட்டையும் எடுத்துக்கொண்டு ஓடியவர்களில் நீங்களும் இருந்தீர்கள். எந்த வீடு அதிக ஏழை என்று அன்றைக்குப் பட்டியல் போட்டுக்கொண்டா போனோம்?

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தகவலாக வைத்திருக்கிறது. அது வணிக நடவடிக்கைகளுக்கான சட்டம், நம் புலனக் குழுக்களைக் கட்டாது என்பது உண்மை. லாபத்துக்குத் தொழில் செய்பவனே ஒருவரின் சர்க்கரைக் கணக்கை அவர் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது என்றால், அன்புக்குத் தொண்டு செய்யும் நாம் அதைப் பதக்கம் போட்டு இருநூறு பேருக்குக் காட்டலாமா?

நிர்வாகிகளே, நான்கு வேண்டுகோள்.

ஒன்று, சர்க்கரைப் பட்டியலை இன்றோடு நிறுத்துங்கள். எண்ணை அனுப்ப விரும்புகிறவர் அனுப்பட்டும், யாரும் வரிசைப்படுத்த வேண்டாம். போட்டி வேண்டும் என்கிறவர்கள் தாமான் பூங்காவில் நடைப் போட்டி வைத்துக்கொள்ளுங்கள். விரும்பியவர் வரட்டும், கால் வலிக்கிறவர் உட்கார்ந்து கைதட்டட்டும்.

இரண்டு, மதிப்பெண் போட்டே தீர வேண்டும் என்றால் மனிதருக்குப் போடாதீர்கள், சொன்ன செய்திக்குப் போடுங்கள். "இதை டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுச் சரிபார்த்தோம்", "இது ஒருவரின் சொந்த அனுபவம்", "இது தவறு" என்ற மூன்று குறிகள் போதும். நிர்வாகி எழுதியதாக இருந்தாலும் அதே குறி.

மூன்று, எண்ணை எழுதும்போது எந்தச் சோதனை, எந்த நேரம், எந்த அளவீடு என்று சேர்த்து எழுதும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். 4க்குக் கீழே போன எண்ணைப் பார்த்தால் யாரும் கோப்பை அனுப்பாதீர்கள். உடனே அழைத்து, இனிப்பாக எதையாவது சாப்பிடச் சொல்லுங்கள்.

நான்கு, மாதம் ஒருமுறை உறுப்பினர் பெயர்களை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். வெகுநாளாகச் சத்தமே இல்லாத பெயரை எடுத்து அழையுங்கள். "சக்கர எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அக்கா, அடுத்த அப்போயின்மென்ட் எப்போ? கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்குப் போக வண்டி இருக்கா?" என்று கேளுங்கள். முடிந்தால் நீங்களே ஏற்றிக்கொண்டு போங்கள்.

நன்றாக இருப்பவரைப் பாராட்டக் குழு தேவையில்லை, அவர் வீட்டிலேயே நாலு பேர் பாராட்டுவார்கள். 13.4 காட்டியவர் கூசாமல் தங்கியிருக்கும் இடத்துக்குத்தான் ஆதரவுக் குழு என்று பெயர். உங்கள் குழு அப்படித்தானா என்று இன்றிரவு உறுப்பினர் பட்டியலைத் திறந்து பாருங்கள். வெளியேறியவர்களின் எண்கள் இன்னும் உங்கள் கைப்பேசியில்தான் இருக்கும். நாளைக்கே அழையுங்கள்.