பாம்பு கடிச்சா உடம்புக்குள்ள என்ன நடக்குது?

செல், திசு, உறுப்புன்னு ஸ்கூல்ல ஒரு பாடம் படிச்சிருப்போம். வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, படம் வரைஞ்சு, பாகம் குறிச்சு, பரீட்சையோட மறந்தும் இருப்போம். இன்னிக்கு அதே பாடத்தை ஒரு பாம்புக்கடி வழியா பார்க்கலாம்.

விழுப்புரம் பக்கத்தில், பம்பை ஆற்றங்கரையில் திருவாமாத்தூர்னு ஒரு ஊர். அபிராமேஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். அங்கே ஒரு வட்டப்பாறை இருக்கு. அதன் முன்னால பொய்ச் சத்தியம் பண்ணினா பாம்பு கடிக்கும்கிறது அந்தப் பக்கத்து மக்களோட பழைய நம்பிக்கை. கதை சுவாரசியமானதுதான். ஆனா நிஜத்தில் கடிபடுறவங்க யாரு? களை எடுக்கப் போனவங்க, கரும்பு வெட்டப் போனவங்க, ராத்திரி மோட்டார் போட வரப்பில் நடந்தவங்க. பொய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. 2000-லிருந்து 2019 வரைக்கும் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பாங்கன்னு ஒரு ஆய்வு கணக்கிட்டிருக்கு. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர்.

சரி, கடிச்ச இடத்துக்கு வருவோம். மேல்தோல் எபிதீலியத் திசு. செங்கல் அடுக்கின மாதிரி நெருக்கமா செல்கள். மேலே இருக்கிற அடுக்கு செத்த செல்கள். தண்ணி, கிருமி எதுவும் சுலபமா உள்ளே வராது. பாம்போட பல்லு அந்தச் சுவரை ஒரே நொடியில் தாண்டி, கீழே இருக்கிற இணைப்புத் திசுவில் விஷத்தை இறக்குது. அங்கே செல்களுக்கு நடுவில் பசை மாதிரி ஒரு பொருள் இருக்கு. விஷத்தில் இருக்கிற ஒரு நொதி முதல்ல அந்தப் பசையைக் கரைச்சு, மத்த நச்சுகளுக்கு வழி விடுது.

அதுக்கப்புறம் எந்தப் பாம்புங்கிறதைப் பொறுத்து கதை மாறும்.

கண்ணாடி வீரியன்னா குறி ரத்தம். ரத்தமும் ஒரு திசுதான், இணைப்புத் திசு வகை. காயம் பட்டா உறையறதுக்குன்னே சில புரதங்கள் அதில் தயாரா இருக்கும். வீரியன் விஷம் அதைத் தேவையில்லாத நேரத்தில் தூண்டி விட்டுடுது. ரத்தத்துக்குள்ளேயே துளித்துளியா உறைஞ்சு, சரக்கு மொத்தமும் தீர்ந்துபோகும். அப்புறம் நிஜமாவே ரத்தம் கசியும்போது உறைய வைக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. இன்னொரு பக்கம், நுண்ணிய ரத்தக்குழாயோட சுவர் ஒரே ஒரு செல் கனம்தான். அந்தச் செல்கள் உட்கார்ந்திருக்கிற மெல்லிய படலத்தையும் விஷம் வெட்டுது. ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம். சிறுநீரகச் செல்களும் அடி வாங்கி, சிலருக்கு டயாலிசிஸ் வரைக்கும் போகும்.

இதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் பண்ற டெஸ்ட் ரொம்ப எளிமையானது. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாம வைப்பாங்க. அப்புறம் சாய்ச்சுப் பார்ப்பாங்க. ரத்தம் தண்ணியா ஓடினா உறையும் சக்தி போயிடுச்சுன்னு அர்த்தம்.

நல்ல பாம்பும் கட்டு வீரியனும் போற வழி வேற. நரம்பு நுனிக்கும் தசைக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கு. ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரமா பிரிச்சா அதில் ஒரு பங்கு. நரம்பு அதில் அசிட்டைல்கோலின்னு ஒரு வேதிப்பொருளை விடும். தசைச் செல்லில் இருக்கிற ஏற்பி அதைப் பிடிச்சுக்கும், தசை சுருங்கும். நல்ல பாம்பு விஷம் அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்துக்குது. நரம்பு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், தசைக்குக் கேக்காது. முதல்ல கண் இமை தொங்கும், பேச்சு குளறும், கடைசியில் மூச்சுத் தசை நிக்கும்.

கட்டு வீரியன் இன்னும் மோசம். அது நரம்பு நுனியையே சிதைச்சிடும். தரையில் தூங்குறவங்களை ராத்திரியில் கடிக்கும். பல சமயம் வலியே தெரியாது. விடிகாலையில் வயித்து வலின்னு எழுந்திருப்பாங்க. இங்கேதான் நேரம் முக்கியமாகுது. விஷமுறிவு மருந்துங்கிறது குதிரை உடம்பில் உருவான எதிர்ப்புரதம். ரத்தத்தில் சுத்திக்கிட்டிருக்கிற விஷத்தைப் பிடிக்க அதால முடியும். சிதைஞ்சுபோன நரம்பு நுனியைத் திரும்பக் கட்ட முடியாது. அதை நரம்பு தானாத்தான் வளர்த்துக்கணும், அதுக்கு நாள்கணக்கா, சில சமயம் வாரக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் வென்டிலேட்டர்தான் மூச்சு விடணும்.

அந்த மருந்துக்கு விஷம் எங்கிருந்து வருது? வட நெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், 1978-ல் ஆரம்பிச்சது. அங்கே இருளர்கள் பாம்பைப் பிடிச்சு, விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டில் விடுறாங்க. 2023-ல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது. நாட்டோட மருந்தே இவங்க கையை நம்பி இருக்குங்கிறது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கயிறு கட்டுறது, பிளேடால கீறுறது, வாயால உறிஞ்சுறது மூணும் வேண்டாம். இறுக்கிக் கட்டினா அந்தக் கை, கால் திசுவுக்கே ஆக்சிஜன் போகாது, அது தனியா அழுகும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம வைங்க, மோதிரம், கொலுசைக் கழட்டுங்க, 108-க்குக் கூப்பிடுங்க. திருவாமாத்தூர் பக்கம்னா முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. பாம்பை அடிச்சுத் தூக்கிட்டுப் போகணும்னு அவசியமே இல்லை. நம்ம ஊர் மருந்து நல்ல பாம்பு, கட்டு வீரியன், கண்ணாடி வீரியன், சுருட்டை வீரியன் நாலுக்கும் சேர்த்து ஒண்ணுதான்.