படித்தது நிற்கவில்லை என்று பிள்ளை சொன்னால்



இளைஞர் நலம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வகுப்பறையில் நின்று பாடம் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

படிவம் மூன்று வரை நன்றாகப் படித்த பையன் படிவம் நான்கில் சரிகிறான். கேட்டால், “படிக்கிறேன் சார், மண்டையில நிக்க மாட்டேங்குது” என்கிறான். மூன்று சாமான் வாங்க அனுப்பினால் ஒன்றோடு திரும்புகிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே, என்ன சொல்ல வந்தான் என்பது அவனுக்கே தப்பிப்போகிறது. இரவெல்லாம் விழிப்பு. கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். ஒருநாள் தங்கையிடம் மட்டும் மெதுவாகச் சொல்கிறான்: யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கேட்கிறது, ஆனால் ஆள் இல்லை என்று.

நாம் என்ன சொல்கிறோம்? சோம்பேறி என்கிறோம். போன் கெடுத்துவிட்டது என்கிறோம். கடைசியில், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறோம்.

ஆனால் இது ஒரு மனநோயின் முன்கட்டமாகவும் இருக்கலாம். மருத்துவம் இந்தக் கட்டத்தைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. மனம் காட்டுவது எது, உண்மையில் நடப்பது எது என்ற எல்லை அழிந்துபோகும் நிலையைச் சைக்கோசிஸ் என்கிறார்கள். அது முழுதாக வருவதற்கு முன்பே, அதன் விளிம்பில் நிற்கும் இளைஞர்களுக்காக 1994-இல் மெல்போர்னில் ஒரு கிளினிக் திறந்தார்கள். பேட்ரிக் மெக்கோரி, அலிசன் யங் என்ற மருத்துவர்கள் அதை நடத்தினார்கள். அதன் பிறகு பல நாடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வு ஒன்று, இந்த விளிம்பில், அதாவது அபாய நிலையில், இருந்த 689 பேரை, நலமாக இருந்த 264 பேரோடு ஒப்பிட்டது. பின்னாளில் நோய்வாய்ப்பட்டவர்கள், முதல் நாள் சோதனையிலேயே நினைவாற்றலிலும் கவனத்திலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். நோய் முழுதாக வெளிப்படும் முன்பே நினைவு தடுமாறத் தொடங்கிவிடுகிறது.

எப்படித் தடுமாறுகிறது? ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால் வடியும் மங்கு சரியான இடத்தில் இல்லையென்றால் பால் தரையில் ஓடிவிடும். மங்கு ஓட்டையாக இருக்க வேண்டியதே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. நினைவில் சேர்ந்தது பிறகு காணாமல் போவது குறைவு. கேட்டதும் படித்ததும் உள்ளே சேராமலேயே போவதுதான் அதிகம். அப்படியிருக்க, “இப்பத்தானே சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டியா?” என்று அடித்தால் என்ன பயன்?

இன்னொன்றையும் யோசியுங்கள். 2013 முதல், படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழைப் பெற வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயம். ஆண்டும் பெயரும் சம்பவமும் நினைவில் நிற்க வேண்டிய பாடம் அது. நினைவு தடுமாறும் பிள்ளை முதலில் விழும் இடமும் அதுதான். அங்கே விழுந்தால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லையென்றால் சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளில் கிடைக்கும் வேலையும் சுருங்கிவிடும்.

தாய்மார்கள் பயந்துவிட வேண்டாம். மறப்பவர்களெல்லாம் நோயாளிகள் இல்லை. தூக்கமின்மை, துக்கம், மனச்சோர்வு, தைராய்டு, கஞ்சா, சியாபு போன்ற போதைப்பொருள் என எதுவும் நினைவைக் கெடுக்கும். மருத்துவர்களே அபாய நிலை என்று சொன்ன இளைஞர்களிலும், மூன்று ஆண்டுகளில் நோய் முழுதாக வருவது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான். மற்ற மூவருக்கு வருவதில்லை. ஆனால் அந்த மூவரிலும் பலர் படிப்பிலும் வேலையிலும் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கும் உதவி வேண்டும். கஞ்சா மட்டும் வேண்டவே வேண்டாம் என்று இந்த மேடையில் உரக்கச் சொல்கிறேன். விளிம்பில் நிற்கும் பிள்ளையை அது உள்ளே தள்ளிவிடலாம்.

நம் மலேசியாவில், சைக்கோசிஸ் வகை நோயான மனச்சிதைவுக்கு உள்ள நோயாளர் பதிவேடு காட்டிய கணக்கு என் மனத்தை மிகவும் வருத்துகிறது. நோய் தொடங்கியதற்கும் முதல் சிகிச்சைக்கும் இடையே சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டிருந்தது. ஏன் இந்தத் தாமதம்? தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயர்தான் பாதிக் காரணம் என்பேன். 1911-இல் பேராவில் தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயரை நாம் வசவுச் சொல்லாக்கிவிட்டோம். டாக்டரிடம் போனால் பிள்ளையை அங்கே அடைத்துவிடுவார்கள் என்று இன்றும் அஞ்சுகிறோம். இன்று சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையிலும் அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், கட்டணம் 1 ரிங்கிட். போனில் மனநல உதவி பெற 15555. முனியாண்டி கோயிலில் திருநீறு பூசிக்கொண்டே போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் போங்கள். விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை கொடுக்க வேண்டியதில்லை, பேச்சு வழிச் சிகிச்சையே முதலில் என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி.

தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் வறுமை இருந்தது, சம்சு சாராயம் இருந்தது. அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் ஏங்கவில்லை. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை இரவில் தூங்கவில்லை என்பது அடுத்த வீட்டு அத்தைக்குத் தெரிந்திருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டோம். அப்பா இரவு ஷிப்ட், அம்மா பகல் ஷிப்ட். இப்போது பிள்ளையின் மாற்றத்தை முதலில் பார்க்கக்கூடியவர் ஆசிரியர்தான். ஆகவே ஆசிரியர்களே, நன்றாகப் படித்தவன் திடீரென்று சரிந்தால் மதிப்பெண்ணை எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள்.

பீடோங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். நினைவுச் சோதனையில் சொற்களை வாசித்துக்காட்டி, சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். தமிழில் யோசிக்கும் பிள்ளையிடம் தமிழ்ச் சொற்களைத் தந்துதான் சோதிக்க வேண்டும். நம் தோட்டத்துப் பேச்சுத் தமிழில் அதை உருவாக்கித் தாருங்கள். சிங்கப்பூர் மனநலக் கழகம் 2008 முதல் அபாய நிலையில் உள்ள இளைஞர்களுக்குத் தனி கிளினிக் நடத்திவருகிறது. கெடாவிலும் அது வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். சொன்னதை அவன் வாயாலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். போனில் மணி வைத்துக் கொடுங்கள், சாவிக்கும் புத்தகப் பைக்கும் ஒரே இடம் இருக்கட்டும். தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். ஏச்சைக் குறையுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாதத்திலிருந்து தூக்கம் கெட்டது, எப்போது மதிப்பெண் சரிந்தது, என்னென்ன மறந்தான், என்னென்ன கேட்பதாகச் சொன்னான். “எப்போது தொடங்கியது?” என்பதுதான் டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் நினைவு அன்று அந்தப் பிள்ளையிடம் இல்லாமல் போகலாம். தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.