வீட்டு இன்ஷூரன்ஸும் வண்டி இன்ஷூரன்ஸும்



2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. ஒரே மரம் வீட்டின் மீதும், கொட்டகையில் நிற்கும் டிராக்டர் மீதும் விழுமானால், இரு நஷ்டங்களையும் ஒரே பாலிசி ஈடு செய்யுமா? செய்யாது. அதை விளக்கவே விரும்புகிறோம்.

2021 ஏப்ரல் 1 முதல் வழங்கப்பட்டுவரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் வீட்டு இன்ஷூரன்ஸ், தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம் முதலியவற்றால் கட்டடத்துக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் நேரும் சேதத்துக்கு ஈடு தருகிறது. தனியே குறிப்பிட்டுச் சேர்த்தாலன்றி வாகனங்கள் அதில் அடங்கா.

வண்டிக்கோ, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயமாகும். நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கே அது பொறுப்பேற்கும். நம் வண்டி நொறுங்கினாலும் களவு போனாலும் அதிலிருந்து ஒரு காசும் வராது. அதற்குச் சொந்தச் சேதமும் அடங்கிய முழுப் பாலிசி வேண்டும். மேலும், விவசாய டிராக்டரின் டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால், நஷ்டஈட்டுப் பொறுப்பு உரிமையாளர் தலையிலேயே விழக்கூடும்.

ஆகவே, பாலிசித் தாளை எடுத்து மூன்று செய்திகளைப் பாருங்கள்: எந்தப் பொருளுக்கு, எந்த ஆபத்துக்கு, எந்தத் தேதி வரை? எழுத்தறியாதவர்க்கு, ஐப்பசி மழைக்கு முன்பே இதைப் படித்துச் சொல்வது பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆற்றக்கூடிய நற்பணியாகும். நாமும் உடனிருந்து உதவுவோம்.