கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு



லண்டனில் நம்மவர் ஒருவர் வீட்டிலேயே திடீரென்று கண்ணை மூடிவிடுகிறார். நாளைக்கோ மறுநாளோ உடல் வந்துவிடும், கிரியைக்கு நாள் பார்க்கலாம் என்று உறவுகள் கூடியிருக்கிறார்கள். அப்போது கொரோனர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வருகிறது. வீடே நடுங்கிப்போகிறது. பொலிஸ் கேஸ் ஆகிவிட்டதா? யார்மேல் சந்தேகம்?

அக்காமாரே, அண்ணன்மாரே, அந்த அழைப்பு வந்ததாலேயே யாரும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொரோனர் சுதந்திரமான நீதித்துறை அலுவலர். பொலிசும் மருத்துவமனையும் அவருக்கு ஆணையிட முடியாது. 1194இல் தொடங்கிய பதவி அது. காரணம் தெரியாத சாவு, வன்முறையால் அல்லது இயற்கைக்கு மாறாக நேர்ந்த சாவு, சிறையிலோ தடுப்புக்காவலிலோ நேர்ந்த சாவு என்றால் அவர் விசாரித்தே ஆகவேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுச் சட்டம். இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்ற நான்கு கேள்விகளுக்கு அவர் விடை தேடுகிறார். இன்னார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரமே கிடையாது.

பிரேதப் பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டதும் நம் தாய்மார் துடித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் உண்மையை மறைக்காமல் சொல்கிறேன்: அதற்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. நீங்கள் மறுப்பதால் அது நின்றுவிடாது. ஆனால், உடலைத் திறக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை. செலவு உங்கள் தலையில் விழலாம். ஸ்கேனில் தெரியாத காரணங்களும் உண்டு. இருந்தாலும் முதல் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். பரிசோதனை முடிந்தபின் கேட்டு என்ன பயன்? உங்கள் சார்பில் ஒரு மருத்துவர் அங்கே இருக்கவும் கோரலாம். திசு மாதிரிகளை எடுத்து வைத்தால், பிறகு அவற்றை என்ன செய்வது என்று உங்களிடம் கேட்க வேண்டும்.

விசாரணை முடிய மாதங்கள் ஆகும். சில வேளை ஆண்டுகளும் ஆகும். கிரியை அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 28 நாளுக்குள் உடலைக் கையளிக்க முடியாவிட்டால் அதற்கான காரணத்தைக் கொரோனர் சொல்ல வேண்டும். வங்கி, ஓய்வூதிய அலுவல்களுக்கு இடைக்காலச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். உடலை யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ கொண்டுபோவதானால் கொரோனரின் அனுமதி வேண்டும். அதற்கு முன்னால் விமானப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

இதெல்லாம் நடைமுறை. என் மனம் தவிப்பது வேறொன்றுக்கு. மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லாரையும் சட்டம் விசாரணையில் உரிமையுள்ளவர்களாக ஏற்கிறது. ஆவணங்களின் பிரதி கேட்கலாம். சாட்சிக் கூண்டில் நிற்கும் மருத்துவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்கலாம். நம்மவர்களோ பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

கேட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். தென்கிழக்கு லண்டன் லூயிஷமில், சவுத் சர்க்குலர் பெருஞ்சாலைக்குப் பக்கத்தில் எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி வாழ்ந்தாள். கடும் ஆஸ்துமா. 2013 பெப்ரவரியில், ஒன்பது வயதில் இறந்தாள். 2014இல் நடந்த விசாரணை சுவாசச் செயலிழப்பு என்று சொல்லி முடிந்துபோனது. என் பிள்ளைக்கு ஏன் இப்படி வந்தது என்று தாய் ரோசமண்ட் கேட்பதை நிறுத்தவில்லை. அந்தத் தெருக்களின் காற்றில் இருந்த நச்சின் அளவுகளை ஒரு பேராசிரியர் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். 2019இல் உயர் நீதிமன்றம் பழைய முடிவை ரத்துச் செய்தது. 2020 டிசம்பரில் கொரோனர் பிலிப் பார்லோ, காற்று மாசும் அந்தச் சாவுக்குக் காரணம் என்று பதிவு செய்தார். பிரித்தானியாவில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. இன்னொரு உயிர் போகாமல் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்று பொறுப்பானவர்களுக்கு அறிக்கை அனுப்பும் கடமை கொரோனருக்கு உண்டு; அவர்கள் 56 நாளில் பதிலளிக்க வேண்டும். பார்லோவும் அப்படி அனுப்பினார். ஒரு தாய் கேட்டுக்கொண்டே இருந்ததால் நடந்தது இது.

தற்கொலையோ என்ற ஐயம் உள்ள வீடுகளில் நாம் இன்னும் ஆழமாக மௌனமாகிறோம். ஊருக்கு மாரடைப்பு என்று சொல்கிறோம். ஊரிடம் என்ன சொல்வது என்பது உங்கள் விருப்பம். கொரோனரிடம் மட்டும் மறைக்காதீர்கள். தற்கொலை இங்கே 1961 முதல் குற்றமல்ல. இறந்தவர் மருந்து கேட்டு அலைந்தாரா, வைத்தியசாலை திருப்பி அனுப்பியதா, வேலையிடத்தில் என்ன நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால் அந்தக் கோப்பில் அது இருக்கவே இருக்காது.

பின்வரிசையில் நிற்கும் இளையவர்களே, உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். இப்படி ஒரு வீட்டுக்குப் போனால் சாப்பாடு கொண்டுபோவதோடு ஒரு கொப்பியும் கொண்டுபோங்கள். பெரியவர்களின் கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி, விசாரணை நாளுக்கு முன்பே கொரோனர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதையும் அப்போதே கேளுங்கள். அன்றைக்கு நீதிமன்றத்தில் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். இப்படித் துணைக்கு வர மனமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து உங்கள் பெயரைத் தந்துவிட்டுப் போங்கள்.