மஸ்அலா என்றால் கேள்வி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இறக்காமத்துப் பழைய மாணவிகள் கூடியிருக்கும் இடத்தில் டொக்டர் ஒருவர் எழுந்தால் சீனி வருத்தத்தைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்திருப்பீர்கள். அதைக் கிளினிக்கில் பேசிக்கொள்வோம். வேதத்தையும் மரபையும் பிள்ளைகளின் கைக்கும் நாவுக்கும் கொண்டுசேர்க்கும் வழிகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் காலத்தால் முந்தியது ஆயிர மசலா. வண்ணப்பரிமளப் புலவர் பாடிய இந்நூல் 1572இல் மதுரையில் அரங்கேறியது. மஸ்அலா என்றால் கேள்வி. அந்தக் கேள்விகளைக் கேட்பவர் யார்? மதீனாவில் வாழ்ந்த யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம். தவ்ராத்தைக் கற்றறிந்த அவர் கேட்கிறார், நபி (ஸல்) அவர்கள் பதில் சொல்கிறார்கள். ஈற்றில் அவர் இஸ்லாத்தைத் தழுவுகிறார். அரபியில் தோன்றிய இக்கதை 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் போனது. பாரசீகம், மலாய், ஜாவா மொழிகளிலும் வழங்கியது. நமக்கு அது தமிழில் கிடைத்தது.

புகாரி கிரந்தத்தில் அவர் கேட்டதாக வருபவை மூன்று கேள்விகள். மறுமை நாளின் முதல் அடையாளம் எது? சுவனவாசிகளின் முதல் உணவு எது? பிள்ளை தகப்பனையோ தாய்வழியினரையோ ஒத்திருப்பது எதனால்? மூன்றாவது கேள்வியை இன்றும் பிரசவ விடுதியில் நாங்கள் கேட்கிறோம். பிள்ளையைக் கையில் வாங்கியதும், "இது ஆர்ர சாயல்?" என்றுதானே முதலில் கேட்கிறோம்!

கேள்வியிலிருந்து மார்க்கம் படிப்பது யூத வீடுகளிலும் பெரிய மரபு. மூஸா நபியின் சமூகம் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை அவர்கள் பாஸ்கா பண்டிகையில் நினைவுகூருகிறார்கள். அன்றிரவு உணவு மேசையில், வீட்டின் கடைக்குட்டிப் பிள்ளை எழுந்து, "இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது?" என்று தொடங்க வேண்டும். பதில் தட்டிலேயே இருக்கிறது. கசப்புக் கீரை அடிமை வாழ்வின் கசப்பு. உப்புத் தண்ணீர் கண்ணீர். பழமும் கொட்டையும் அரைத்த கலவை அவர்கள் செங்கல்லுக்குக் குழைத்த களிமண். புளிக்காத ரொட்டி, மா புளிக்கும்வரை காத்திருக்க நேரமின்றிப் புறப்பட்ட அவசரம். பிள்ளை அந்தச் சரித்திரத்தை நாவினால் படிக்கிறது. அதே மூஸா நபியின் ஈடேற்றத்துக்காகத்தான் நாமும் முஹர்ரம் 10இல் ஆஷூரா நோன்பு பிடிக்கிறோம்.

அந்த இரவில் வாசிக்கும் ஏட்டுக்கு ஹகாதா என்று பெயர். பிள்ளைகள் பார்த்துக் கேள்வி கேட்கட்டும் என்றே அதில் சித்திரம் தீட்டினார்கள். 1350ஆம் ஆண்டளவில் ஸ்பெயினில் எழுதப்பட்ட ஒரு பிரதி பொஸ்னியாவின் சரயேவோ நூதனசாலையில் இருக்கிறது. 1942இல் நாஜிப் படையினர் அதைத் தேடி வந்தபோது காப்பாற்றியவர், அங்கு நூலகராக இருந்த தெர்விஷ் கோர்குத் என்ற முஸ்லிம். அவரும் மனைவி செர்வெத்தும் ஒரு யூத இளம்பெண்ணையும் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காத்தார்கள்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு யூதர் என்ற சொல் செய்தியிலிருந்து மட்டுமே தெரியும். காஸாவின் பிள்ளைகளுக்காக நாம் கேட்கும் துஆவும் நம் மனவேதனையும் நியாயமானவை. அநியாயத்தை அநியாயம் என்றே சொல்வோம். ஆனால் ஓர் அரசின் செயலை வைத்து ஒரு சமூகம் முழுவதையும் வெறுக்கப் பழகிய பிள்ளைக்கு ஆயிர மசலாவை எப்படி விளங்கப்படுத்துவது? இனத்தின் பெயரால் பழி சுமத்தினால் எப்படி வலிக்கும் என்று இந்த நாட்டில் நமக்கு ஒருவர் சொல்லித் தரத் தேவையில்லை.

கையாலும் பாட்டாலும் படிக்கும் வழி நம்மிடமும் இருந்தது. பன்னைச் சாயத்தில் தோய்த்துப் பாய் இழைத்த உம்மம்மாமார் இழைத்துக்கொண்டே நபிமார் கதை சொன்னார்கள். பெருநாளில் றபான் அடித்தார்கள். அரபுத் தமிழில் மாலைகள் ஓதினார்கள். நூறு மசலாவில் கேள்வி கேட்பவள் ஓர் அரசகுமாரி. தன்னை மணக்க வந்தவனை அறிவால் அளந்து பார்க்கிறாள். நாங்கள் படித்த காலத்தில் நாகூர் ஹனிபாவின் பாட்டும் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையும் அந்த வேலையைச் செய்தன. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை நிந்தவூர் எஸ். முத்துமீரான் தேடித் தொகுத்திராவிட்டால் அவற்றில் பல மூத்தவர்களோடு கபுறுக்குப் போயிருக்கும்.

டொக்டர்மாராகிய எங்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. கிளினிக்கில் மருந்துத் துண்டைக் கையில் வாங்கி, எந்தக் குளிசை எதற்கு என்று கேட்காமலே மடித்துக்கொண்டு எழும்பும் பெண்களை நாளாந்தம் காண்கிறோம். மார்பில் கட்டியை மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிட்டு, "கேட்கக் கூச்சம் டொக்டர்" என்பவர்களையும் காண்கிறோம். வகுப்பிலும் ஓதும் இடத்திலும் "வாயை மூடு" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் உயிருக்கு ஆபத்து வரும்போது மட்டும் திடீரென்று வாய் திறக்க மாட்டாள்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் அரபுத் தமிழ்ப் புத்தகங்களையும் பாட்டுக் கொப்பிகளையும் கரையான் அரிக்குமுன் கொண்டுவாருங்கள். படம் பிடித்துவிட்டுத் திருப்பித் தருவோம். அவற்றை வாசிக்கத் தெரிந்த மூத்தவர்களின் குரலைத் தொலைபேசியில் பதிந்து அனுப்புங்கள். கொழும்பில், கட்டாரில், லண்டனில் இருப்பவர்கள் ஊருக்கு வரும் லீவில் இதற்கு ஒரு பின்னேரம் ஒதுக்கினால் போதும்.

இரண்டு, தவணைக்கு ஒரு நாள் பாடசாலையில் மஸ்அலா மேசை ஒன்று போடுவோம். யூனுஸ் நபியின் மீனைப் பன்பாயில் இழைக்கட்டும். நூஹ் நபியின் கப்பலை மருதமுனைக் கைத்தறித் துண்டுகளால் ஒட்டட்டும். விருப்பமானவர்கள் கவி கட்டட்டும். செய்து முடித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதுதான் அன்றைய புள்ளி.

மூன்று, பதில் தெரியாத கேள்விக்குப் பிள்ளையை ஏசாதிருப்போம். "தேடிப் பார்த்துச் சொல்றன் மகள்" என்று சொல்லி, மறுநாள் தேடிவந்து சொல்வோம்.