கேளாமற்போன குரல்

(எமது சங்க இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம், லினக்ஸ் கணினியில் ஒலியும் ஒலிவாங்கியும் என்பதாகும். "இது கணினி திருத்துபவர் பேசவேண்டிய விடயமல்லவா?" எனப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இதிலே ஒரு பிள்ளையின் படிப்பும் எமது தவறொன்றும் அடங்கியிருக்கின்றபடியால், இச்சபையிலே சொல்லத் துணிந்தோம்.

பல்கலைக்கழக விடுதியிலிருந்தபடியே, பாப்பாமோட்டையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் இணையவழியாகக் கணிதம் சொல்லிக் கொடுத்து வந்தோம். ஊரிலே பிள்ளைகள் கூடியிருந்து கேட்பதற்கு ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அது புதிய விண்டோசைத் தாங்காது என்றபடியால் அதிலே உபுண்டு லினக்சை ஏற்றியிருந்தோம். எமது குரல் அவர்களுக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் நாம் கேள்வி கேட்டால் மறுமொழி வராது. திரையிலே ஒரு தங்கச்சியின் வாய் அசையும், ஓசை இராது. வாய்க்குள் முணுமுணுக்கிறாள், பாடம் தெரியவில்லை என்று எண்ணி, இருமுறை கடிந்தும் பேசிவிட்டோம். மூன்றாம் வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை.

விடுமுறைக்கு ஊர் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. பிள்ளை விடையைச் சரியாகவே சொல்லியிருக்கிறாள். அது எம்மிடம் வந்து சேரவில்லை.

ஊரிலே ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் குற்றஞ் சொன்னார்கள். ஒருவர் ஒலிவாங்கி பழுது என்றார். ஒருவர் இணைப்பு மந்தம் என்றார். "காசில்லாமற் கிடைத்த லினக்ஸ் இப்படித்தான்" என்றார் இன்னொருவர். லினக்ஸ் இலவசமாகக் கிடைப்பது உண்மையே. ஆனால் மலிவான சரக்கன்று. 1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் தொடங்கி, உலகத்தார் பலர் கூடி வளர்த்தது அது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு எமது நாட்டிலே உருவான 'சஹானா' மென்பொருளும் இவ்வாறே எவரும் எடுத்தாளத் திறந்துவிடப்பட்டதாகும்.

ஆகவே, குற்றஞ் சொல்வதை விட்டு, குரல் போகும் பாதையிலே ஒவ்வொரு படியாக நடந்து பார்க்கத் தீர்மானித்தோம்.

முதற்படி, செருகி. மேசைக் கணினியில் இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கு. பச்சைத் துளை கேட்பதற்கு. கைத்தொலைபேசி ஹெட்செற்றின் செருகியில் நான்கு உலோகப் பகுதிகள் உண்டு. அதை இத்துளைகளில் நேரே செருகினால் ஒலிவாங்கி வேலை செய்யாது. இரண்டாகப் பிரிக்கும் சிறு வயர் வேண்டும். எமது மடிக்கணினியில் இருந்ததோ உள்ளேயே பொருத்திய ஒலிவாங்கி. ஆதலால் இப்படியில் பிழையில்லை.

இரண்டாம் படி, வன்பொருளோடு நேரே பேசும் 'அல்சா' என்னும் பகுதி. முனையத்தில் 'அல்சாமிக்சர்' என்பதைத் திறந்து, எஃப்-6 விசையால் ஒலி அட்டையைத் தெரிந்து, எஃப்-4 விசையால் பதிவுப் பக்கத்துக்குப் போகவேண்டும். ஒரு கோலின் கீழே இரண்டு 'எம்' எழுத்துக்கள் நின்றால் அது வாயடைக்கப்பட்டிருக்கிறது என்பது பொருள். 'எம்' விசையை அழுத்தினால் திறக்கும். பதிவு அணைந்திருந்தால் இடைவெளி விசை அதனை ஏற்றும். இங்கும் எல்லாம் சரியாகவே இருந்தன.

மூன்றாம் படி, ஒலியைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி. முன்பு பெரும்பாலும் 'பல்ஸ்ஓடியோ'வாக இருந்தது. புதிய பதிப்புகள் பலவற்றில் 'பைப்வயர்' அவ்வேலையைச் செய்கின்றது. 'பாவுகொன்ட்ரோல்' என்னும் கருவியால் இரண்டையும் ஆளலாம். அதன் அமைப்புப் பக்கத்தில் வெளியீடு மட்டும் தெரிவாகியிருந்தால் ஒலிவாங்கியே தோன்றாது. உள்ளீடும் வெளியீடும் சேர்ந்ததைத் தெரியவேண்டும். புளூடூத் ஹெட்செற் இசைக்கான முறையிலே நின்றால் அதன் ஒலிவாங்கி வேலை செய்யாது. அழைப்புக்கான முறைக்கு மாற்றவேண்டும்.

நான்காம் படி, வகுப்பு நடக்கும் உலாவி. ஒலிவாங்கிக்கு அனுமதி கொடுத்திருக்கிறோமா, சரியான ஒலிவாங்கியைத் தெரிந்திருக்கிறோமா என்று பார்த்தோம். அதுவுஞ் சரி.

நான்கு படியிலும் பிழையில்லை. குரல் மட்டும் போகவில்லை! அந்தப் பிள்ளையையே அழைத்துப் பேசச் செய்து பதிவு செய்தோம். காதில் ஹெட்செற்றை மாட்டிக் கேட்டால் குரல் இருக்கின்றது. அதே பதிவை ஒற்றை ஒலிபெருக்கியுள்ள கைத்தொலைபேசியில் போட்டால் ஒன்றுமே கேட்கவில்லை. அங்கேதான் கள்வன் பிடிபட்டான்.

ஒலி இடது, வலது என இரண்டு 'சானல்'களாக, அதாவது இரண்டு வழிகளாகச் செல்கின்றது. சில மடிக்கணினிகளின் உள் ஒலிவாங்கி, ஒரே குரலை இரு வழியிலும் தந்தாலும், ஒன்றை மற்றதற்குத் தலைகீழாகத் தருகின்றது. இடதில் அலை மேலேறும்போது வலதில் அதே அளவு கீழிறங்கும். தனித்தனியே கேட்டால் இரண்டும் நல்ல குரலே. வகுப்பு மென்பொருளோ இரண்டையும் கூட்டி ஒன்றாக அனுப்புகின்றது. ஊஞ்சலை முன்னும் பின்னும் நின்று இருவர் ஒரே நேரத்தில் ஒரே பலத்துடன் தள்ளினால் அது அசையுமா? கணக்கிலே சொன்னால், கூட்டல் ஐந்தும் கழித்தல் ஐந்தும் சேர்ந்து பூச்சியம்.

பரிகாரம் மிக எளிது. பாவுகொன்ட்ரோலின் உள்ளீட்டுப் பக்கத்தில், இரு வழிகளையும் ஒன்றாகப் பூட்டி வைத்திருக்கும் பூட்டுப் படத்தை அழுத்தித் திறந்து, வலது வழியை அடிமட்டத்துக்கு இறக்கினோம். இடது வழி மட்டும் நின்றது. வகுப்பிலே குரல் கணீரென்று கேட்டது! இரண்டில் ஒன்றைக் குறைத்ததால் முழுமை கிடைத்தது. இவ்வகை மடிக்கணினிகள் சிலவற்றுக்கு லினக்சின் கருவிலேயே திருத்தஞ் சேர்த்திருக்கிறார்கள். ஆதலால் பதிப்பைப் புதுப்பித்துக்கொள்வதும் நல்லது.

புதிய ஒலிவாங்கி வாங்கியிருந்தால் பணம் போயிருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய நட்டம் முன்னமே நேர்ந்திருந்தது. அந்தத் தங்கச்சியிடம் போய், "பிழை எங்களுடையது, அம்மா" என்று சொன்னோம். அவள் சிரித்துவிட்டு, "அண்ணா, நான் அண்டைக்குச் சொன்ன விடை சரிதானே?" என்றுதான் கேட்டாள். சரிதான் என்றோம். அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தாள்.

சகோதரர்களே, ஒருவர் குரல் கேட்கவில்லையென்றால் அவர் பேசவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நடுவேயுள்ள பாதையை முதலிற் பாருங்கள். பெரியோர்களே, உங்கள் வீடுகளிலே பழைய கணினிகள் பழுதென்று மூலையிற் கிடந்தால், வீசுமுன் எம் இளைஞரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஒவ்வொரு படியாகப் பார்க்க நாம் காத்திருக்கின்றோம்.