கண்ணிற் படாத வடம்



பாடசாலை வாயில்களிலும் வீதியோரங்களிலும் எழுத்துகள் ஒளிர்ந்தோடும் இலத்திரனியல் அறிவிப்புப் பலகைகளை இன்று காண்கின்றோம். பலகையின் ஒளியை யாவரும் காண்பர். அதற்குச் செய்தியைக் கொண்டு செல்லும் வடத்தை எவரும் நோக்குவதில்லை. கண்ணிற் படாத பொருளிலே செலவைக் குறைப்பது மனித இயல்பு. அத்தவற்றை யானும் இழைத்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன், பழைய மாணவர்கள் அன்பளித்த பலகையொன்றை எமது பாடசாலை வாயிலில் நிறுவினோம். அலுவலகத்திலிருந்து அது ஏறத்தாழ 140 மீற்றர் தொலைவிலுள்ளது. மலிவு கருதி, அறையினுள் இடும் சாதாரண கணினி வடத்தையே மரங்களிற் கட்டிக் கொண்டு சென்றேன். ஈராண்டு வெயிலில் அதன் மேலுறை வெடித்தது; மழைநீர் உட்புகுந்தது. நவம்பர் மாதத்து அடைமழை நாளொன்றில் வகுப்பறைகளில் வெள்ளம் ஏறவே, பாடசாலை நடைபெறாது என்ற அறிவித்தலை விடியற்காலையிலேயே அனுப்பிவிட்டு, தளபாடங்களை மேட்டிற்கு ஏற்றச் சென்றேன். திரும்பி வந்தபோது, “தவணைப் பரீட்சை காலை 8 மணிக்கு” என்ற முதல் நாள் வாசகமே ஒளிர்ந்துகொண்டிருந்தது. பரீட்சை தவறிவிடுமோ என்றஞ்சிய பிள்ளைகள், வீடு திரும்பாது வாயிலில் நனைந்து நின்றனர். அக்காட்சியே என்னை இத்துறையிற் கற்கத் தூண்டியது.

முதலில் நோக்கவேண்டியது தூரம். ஆர்.எஸ். 232 என்னும் பழைய முறைக்கு ஏறத்தாழ 15 மீற்றரே எல்லை. ஈதர்நெற் செப்பு வடத்துக்கு 100 மீற்றர். ஆர்.எஸ். 485 முறையோ, வேகம் குறைவாயின் 1200 மீற்றர் வரை செல்லும். எழுத்து மட்டும் காட்டும் பலகைக்கு அது போதும். அதற்கு முறுக்கிய சோடிக் கம்பி வேண்டும். அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. முறுக்கிய இரு கம்பிகளையும் புறத்து மின்குழப்பம் ஏறக்குறைய ஒரே அளவிற் தாக்கும். பெறும் கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டுமே கொள்வதால், குழப்பம் நீங்கிச் செய்தி எஞ்சும்.

இரண்டாவது, மின்னல். நம் நாட்டில் ஏப்பிரல் மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் மிகுதி. அருகில் விழும் மின்னலின் வேகம் செப்பு வடத்தின் வழியே ஓடி, பலகையையும் கணினியையும் ஒருங்கே கெடுக்கவல்லது. ஆகவே செப்பு வடத்தின் இருமுனையிலும் மின்னற் காப்புக் கருவியும், முறையான புவித்தொடுப்பும் இன்றியமையாதன. ஒளியியல் நார் வடமோ கண்ணாடி இழையால் ஆனது; உலோகம் கலவாத வகையைத் தெரிந்தால் மின்னல் அதன்வழி வாராது. பல நூறு மீற்றருக்கும் அதுவே தகும்.

மூன்றாவது, மேலுறை. வெளியிடத்துக்குரிய வடத்தின் உறை, கரித்தூள் கலந்த கறுப்புப் பொலித்தீனால் ஆகும். அக்கரியே வெயிலைத் தாங்குவது.

இடும்போது வடத்தைக் குழாயினுட் செலுத்திப் புதையுங்கள்; மின்வழங்கும் கம்பியோடு ஒரே குழாயில் இடாதீர்கள். பெட்டிக்குள் நுழையுமுன் சற்றுத் தாழ வளைத்து, கீழிருந்து ஏற்றுங்கள். வழிந்து வரும் மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். நார் வடத்தை மடித்து ஒடிக்காதீர்கள்.

எமது பாடசாலையில் இன்று நார் வடமே மண்ணுக்கடியிற் கிடக்கின்றது. பலகை அன்பளிக்க முன்வரும் அன்பர்களிடம் யான் வேண்டுவது ஒன்றே: வடத்துக்கும் சேர்த்துப் பொருள் ஒதுக்குங்கள். பிள்ளைகள் அப்பலகையின் சொல்லை நம்பி நிற்பவர்கள்.